வாச்சாத்தி ஏன் நீதிமன்றத்துக்குப் போனது?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டமும் நீதியும் ஒரு சமூகத்தை எப்படிச் சேர்த்து வைக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தாலுகா கோர்ட்டில் வக்கீலாக இருந்தவன் நான். இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது ஓர் ஊர். தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்தி. உங்களில் பலருக்குப் பெயர் தெரிந்திருக்கும். இளையவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1992 ஜூன் 20. சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். அகப்பட்டவர்களையெல்லாம் அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு கோழிகளைத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என்று 133 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர் காலியானது. அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்பதுதான் அரசுத் தரப்பின் முதல் பதில்.

இனி என் கேள்வி. அந்த மக்கள் ஏன் நீதிமன்றத்துக்குப் போனார்கள்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர்களை அடித்தவர்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை. அரசாங்க ஜீப்பில், அரசாங்கச் சீருடையில், சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். அதுவரை அந்த ஊருக்குச் சட்டம் என்றால் காக்கிச் சட்டைதான். அந்தச் சட்டத்திடம் அடிவாங்கியவர்கள், அதே சட்டத்தின் இன்னொரு வாசலில் போய் நிற்பதற்கு என்ன காரணம்? வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம். மலையேறி வேறு பக்கம் போயிருக்கலாம். அரிவாளைத் தூக்கியிருக்கலாம். மூன்றும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. வாச்சாத்தி இந்த மூன்றையும் விட்டுவிட்டு, நான்காவது வழியைப் பிடித்தது. பிடித்ததை 31 வருஷம் விடவில்லை.

தனியாகவா போனார்கள்? இல்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குள் போய் நடந்ததை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் சார்பில் பாமதி என்கிற அதிகாரி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. ஊருக்கு வெளியே இருப்பவர்கள், அந்த ஊரோடு கொள்வினை கொடுப்பினை ஏதும் இல்லாதவர்கள், இது எங்கள் வழக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சமூகம் என்று நாம் சொல்வது அந்த இடத்தில்தான் எனக்குக் கண்ணில் படுகிறது.

வழக்குக்குப் போவது என்றால் என்ன என்று கோர்ட் வராண்டாவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வர வேண்டும். அன்றைய கூலி போச்சு. பத்தரை மணிக்கு டவாலி வந்து வாசலில் நின்று பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். அந்தக் குரல் தன் பெயரைத்தான் சொல்லுகிறதா என்று பாதிப் பேருக்குப் புரியாது. கூப்பிட்டு முடிவதற்குள் உள்ளே ஓட வேண்டும். ஓடிப் போய் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா. அடுத்த மாதம் வா.

என்னிடம் ஓர் அம்மா வருவார்கள். கணவர் கல்குவாரியில் இறந்துபோனவர், நஷ்ட ஈட்டு வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு மஞ்சள் பையில் அத்தனை காகிதத்தையும் கொண்டுவருவார்கள். தேவை இல்லை, எல்லாம் வழக்குக் கட்டில் இருக்கிறது என்று நான் சொல்லுவேன். "இருக்கட்டுங்கய்யா, கேட்டா காட்டணுமில்ல" என்பார்கள். ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. ஏழு வருஷம் அந்தப் பை வந்து போனது. அந்தப் பைக்குள் இருந்தது காகிதம் மட்டும்தானா என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. தான் சொல்வது உண்மை, உண்மையைக் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது, கேட்கிற அன்றைக்குத் தான் தயாராக இருக்க வேண்டும் என்கிற எண்ணம் அந்தப் பையில் இருந்தது. அந்த எண்ணம் எத்தனை பேரிடம் இருக்கிறதோ அத்தனை பேர்தான் இந்தச் சமூகத்துக்குள் இருக்கிறார்கள். அது போய்விட்டவர்கள் வாக்காளர் பட்டியலில் இருப்பார்கள், ரேஷன் கார்டில் இருப்பார்கள், மனசால் வெளியே போய்விட்டிருப்பார்கள்.

வாச்சாத்திக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி மாவட்ட முதன்மை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறையில் 155, காவல்துறையில் 108, வருவாய்த்துறையில் 6. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. ஒருவர்கூட விடுபடவில்லை. பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்ட 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த காலச் சிறை. மேல்முறையீடு போனது. உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்பு எழுதுவதற்கு முன் தானே அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29, சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதியில், தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும், இறந்துபோனவர்கள் என்றால் அவர்கள் குடும்பத்துக்கும், தலா பத்து லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னார். சம்பவம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக, காவல் கண்காணிப்பாளராக, மாவட்ட வன அலுவலராக இருந்தவர்கள்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

இந்த 269 என்கிற எண்ணைக் கவனியுங்கள். எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமானதாகத் தோன்றுவது அதுதான்.

1992இல் ஊருக்குள் வந்தவர்கள் செய்த முதல் தவறு என்ன? சந்தனக் கட்டை கடத்தியவன் யார் என்று அவர்கள் தேடவில்லை. ஊரே கடத்தல் ஊர் என்று முடிவுகட்டி, பால்குடிக் குழந்தை உட்பட எல்லோரையும் குற்றவாளி ஆக்கினார்கள். நீதிமன்றம் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தது. வனத்துறையே குற்றவாளி, போலீஸே குற்றவாளி என்று அது சொல்லவில்லை. இவர் இன்னார், இவர் அன்றைக்கு அங்கே இருந்தார், இதைச் செய்தார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. அந்த மாவட்டத்தில் வனத்துறையில் வேலை பார்க்கிற மற்றவர்கள் அதனால் காப்பாற்றப்பட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் மலைவாழ் மக்களின் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டியவர்கள். குற்றம் யாருடையது என்று பெயர் சொல்லி முடித்தால்தான் மிச்சப் பேர் சேர்ந்து வாழ முடியும். பெயர் சொல்லாமல் விட்டால், கோபம் ஒரு சாதியின் மேல், ஒரு சீருடையின் மேல், ஓர் ஊரின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பேரன் காலம் வரைக்கும் இறங்காது.

சட்டம் என்று எழுதிவிட்டாலே அது நீதி ஆகிவிடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றம் என்று சொன்ன சட்டம் அது. ரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், ஊரை விட்டுப் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதுவும் முறைப்படி இயற்றப்பட்ட சட்டம்தான், அரசிதழில் வந்த சட்டம்தான். ஆனால் அது மக்களைப் பிரித்துப் போட்டது. காரணம், ஆளைப் பார்த்து அவன் செய்ததை விசாரிக்காமல், பிறப்பைப் பார்த்து முத்திரை குத்தியது. வாச்சாத்திக்குள் 1992இல் நுழைந்ததும் அதே முத்திரைதான்.

விசாரிப்பது என்று சொன்னேன். நம் மரபுக்கு இது புதிய சங்கதி இல்லை. சிலப்பதிகாரம் எதைப் பற்றியது? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுப் பாண்டியன் உத்தரவு போட்டுவிட்டான். கோவலனைக் கூப்பிட்டு, உன் பக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததற்கு மதுரையே எரிந்தது. கண்ணகி சபைக்குள் வந்து பேசுகிறாள். அப்போது அரசன் கேட்கிறான். சிலம்பை உடைத்துப் பார்க்கச் சம்மதிக்கிறான். பரல் முத்து இல்லை, மாணிக்கம் என்று தெரிந்ததும் உயிரை விடுகிறான். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பதை இன்றைய வக்கீல்கள் இயற்கை நீதி என்கிறோம். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் இந்த நீதி மறுக்கப்படவில்லை. வக்கீல் வைத்துக்கொண்டார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மேல்முறையீடு போனார்கள். அந்தப் பெண்கள் கூண்டில் நின்று, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அது கொடுமையான அனுபவம். அந்தக் கேள்விகளில் பலவற்றைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆனாலும் எதிர்த்தரப்புக்கு வாய்ப்பு முழுதும் கொடுத்த பிறகு வந்த தீர்ப்பு என்பதால்தான், அதைப் பழிவாங்கல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது இன்னொரு விஷயம். ஒற்றுமை என்று சொன்னவுடன் நம் ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது ஊர்க் கட்டுப்பாடு. ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தால் எல்லோரும் கட்டுப்பட வேண்டும், போலீஸ் கோர்ட் என்று போகக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூட்டத்தில் யார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், யார் தரையில் நிற்கிறார் என்று பாருங்கள். பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களை ஊர் விலக்கு வைக்கும்போது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது என்று சொல்லும்போது, அங்கே இருப்பது ஒற்றுமையா, பயமா? 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று சொன்னது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைப்பவர்கள்மேல் குற்ற வழக்குப் போட வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் ஊருக்குள் வந்து ஊரைப் பிரித்துவிட்டது என்று அப்போது சிலர் குறைப்பட்டார்கள். இரண்டு குவளை வைத்த அன்றைக்கே ஊர் பிரிந்துவிட்டது. சட்டம் அதைப் பார்த்துச் சொன்னது, அவ்வளவுதான்.

நம் அரசியல் சாசனத்தின் முகப்புரையில் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நான்கு சொற்கள் வருகின்றன. இவற்றில் சகோதரத்துவம், நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் இல்லாதது. அம்பேத்கர் தலைமையில் இருந்த வரைவுக் குழு பிறகு சேர்த்தது. பிரிவினையில் லட்சக்கணக்கானவர்கள் வெட்டுப்பட்டும் ஊரிழந்தும் நின்ற நேரம் அது. பள்ளிப் பாடநூல்களில் அச்சாகும் தமிழ் வடிவத்தில் அந்தச் சொல்லை எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? உடன்பிறப்புரிமை. மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். உடன்பிறப்பன்பு என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உரிமை என்றார். நம் பேச்சுத் தமிழும் அப்படித்தான் யோசிக்கிறது. அண்ணன் தம்பி வழியில் வந்தவர்களை என்னவென்று அழைக்கிறோம்? பங்காளி. பங்கு உள்ளவன். பாசம் இருக்கலாம், இல்லாமல் போகலாம். பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டால்தான் உறவு.

என் அனுபவத்தில் ஒரு பங்காளி வழக்கு. அண்ணன் நிலத்தைத் தாண்டித்தான் தம்பி நிலத்துக்கு வண்டி போக முடியும். அப்பா காலத்திலிருந்து இருக்கிற மாமூல் பாதை. ஒரு வாய்த்தகராறில் அண்ணன் முள்ளை வெட்டிப் பாதையில் போட்டார். ஒன்பது வருஷம் கேஸ் நடந்தது. தம்பி அறுத்த நெல்லைத் தலைச்சுமையாகத் தூக்கினார். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார வைத்தோம். சர்வேயர் அளந்து கொடுத்த வரைபடத்தை நடுவில் விரித்து, பத்தடி அகலத்துக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது. அந்த முடிவின்மேல் அப்பீல் கிடையாது. நான் இரண்டு பேரையும் பார்த்து, கை கொடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொடுத்துக்கொள்ளவில்லை. வேறு வேறு பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் கேள்வி. ஆனால் பாதையில் வண்டி போகிறது. மழையில் பாதை அரித்துப்போனால், அண்ணன் தன் பக்கத்து மண்ணைத் தள்ளி மேடாக்கிவிடுகிறாராம்.

சட்டத்தால் இவ்வளவுதான் முடியும். இது குறைவு என்று நான் நினைக்கவில்லை. பிடிக்காதவர்களோடும் பக்கத்து வயலில் பயமில்லாமல் உழ முடிவதற்குப் பெயர்தான் சமூகம். பிடித்தவர்களோடு சேர்ந்திருக்க யாருக்கும் சட்டம் தேவைப்படுவதில்லை.

எனக்கு ஆற்றாமை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 31 வருஷம்! வாச்சாத்தியில் கைக்குழந்தையோடு பிடித்துப் போகப்பட்ட பெண் தீர்ப்பைக் கேட்டபோது பாட்டியாகியிருப்பார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் எந்தத் தீர்ப்பையும் கேட்காமலே போய்விட்டார்கள். அந்த மக்களுக்குக் கட்சி இருந்தது, சங்கம் இருந்தது, கட்டணம் வாங்காத வக்கீல்கள் இருந்தார்கள். அப்படி யாரும் இல்லாத ஊர் எத்தனை? அங்கெல்லாம் மஞ்சள் பை இரண்டாவது வாய்தாவோடு பரணுக்குப் போய்விடுகிறது. நீதிபதி நியமனம் தாமதம், சம்மன் கொண்டுபோக ஆள் இல்லை, சாட்சிக்கு உட்கார நாற்காலி இல்லை, பெண்களுக்குக் கழிவறை இல்லை. இவை சின்னக் குறைகள் இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை, போதும் சாமி என்று எழுந்து போகவைக்கிறது. எழுந்து போனவர் பிறகு தன் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று யோசியுங்கள்.

அதனால்தான் இலவச சட்ட உதவியை நான் பெரிதாக நினைக்கிறேன். ஏழை என்பதற்காக ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976இல் 39ஏ பிரிவைச் சாசனத்தில் சேர்த்தார்கள். 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலிலும் சிறையிலும் இருப்பவர்கள் ஆகிய இவர்களெல்லாம் வருமானச் சான்று காட்டத் தேவையே இல்லை. கேட்டால் வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும். இது தர்மம் இல்லை, உரிமை. ஆனால் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தாலியை அடகு வைத்து பீஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்ன பெண்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

இந்த அரங்கில் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவிடம், தெருவில் குப்பை அள்ளுகிறவரிடம், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களிடம் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். தாலுகா கோர்ட் வளாகத்துக்குள்ளேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கிறது. போக முடியாவிட்டால் போன் செய்யலாம். காசு கிடையாது. எண் 15100. ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.